கயிற்றின் மறுநுனி

டப்பாவின் சத்தம் நின்றுபோயிருந்தது.

எப்போது நின்றது என்று கிளாஷாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எஞ்சினின் தடதடப்பு, தலைக்கு மேல் தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் ஓசை, மூன்று பெரிய ட்யூப் சக்கரங்கள் உறைந்த ஏரியின் மேல் நெறுநெறுவென்று உருள்வது, பக்கத்து இருக்கையில் யெகோர் மூக்கை உறிஞ்சுவது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சத்தமும் வந்துகொண்டே இருக்கும். வண்டிக்குப் பின்னால் நீளமாக விட்டிருக்கும் கயிற்றின் நுனியில் ஒரு காலி எண்ணெய் டப்பா. அது பனிக்கட்டியில் மோதி மோதி, டொக், டொக் என்று கூடவே வரும். நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. நின்றால்தான் காது விழித்துக்கொள்ளும்.

அந்தக் கயிற்று வால் இல்லாமல் எந்தக் கரக்காத் வண்டியும் ஏரியில் இறங்காது. உடைந்த பனியில் வண்டி மிதக்கும், ஆள் மிதக்கமாட்டான். தண்ணீரில் விழுந்தவனோ, வெண்புகையாய்ப் பனி மூடி வழி தப்பியவனோ, கயிறு கைக்கு எட்டினால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் சுண்டுவான். சுண்டினால் வண்டியை நிறுத்தக்கூடாது. நின்றால் இளகிய பனி இருவரையும் விழுங்கிவிடும். மெல்ல இழுத்துக்கொண்டே கரைக்குப் போகவேண்டும். என்ன ஆனாலும் கயிற்றை அறுக்கக்கூடாது. லோபனோவோ ஊர்க்காரர்கள் மதிக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

கிளாஷா திரும்பிப் பார்த்தாள். வெள்ளை. மேலே, கீழே, எங்கும் ஒரே வெள்ளை. மதியம்தான், ஆனால் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கயிறு சற்று தூரம் வரை கறுப்பாகத் தெரிந்தது. அதற்கப்பால் இல்லை.

"பின்னால பாக்காதம்மா," என்றான் யெகோர். "நேரா பாத்து ஓட்டு."

அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அப்படியானால் யெகோருக்கும் கேட்டிருக்கிறது, சத்தம் நின்றது.

இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று குளிர்காலம் முழுக்க விறைப்பாகச் சுற்றியவன் யெகோர். இன்று வலை போட்ட இடத்தில் அவன் வண்டியின் சங்கிலி அறுந்துபோனதால்தான் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தான். கரக்காத் கடையில் கிடைக்கிற வண்டி அல்ல. அந்த ஊரில் ஆளுக்கொரு கொட்டகை, கொட்டகைக்கொரு கிறுக்கு. மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஓடாத காரின் ஸ்டியரிங், லாரி ட்யூபைத் தீயணைப்புக் குழாயின் நாடாவால் வரிந்து கட்டிய ஆளுயரச் சக்கரம். ஒருவன் வண்டி மாதிரி இன்னொருவன் வண்டி இருக்காது. கிளாஷாவின் புருஷன் சவேலி செய்தது மூன்று சக்கரத்தில், ப்ளைவுட் கூண்டும் பழைய பஸ் இருக்கையுமாக. ஊரே பார்த்துச் சிரித்தது. பிறகு ஊரின் பாதி வண்டிகளைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டதும் அதுதான்.

போன வருஷம் பனி இளகுகிற காலத்தில் சவேலி போனான். போனது இந்த வண்டியில் அல்ல, யெகோரின் வண்டியில். முன்னால் நடந்து கம்பியால் பனியைக் குத்திப் பார்க்க இறங்கியவன் அப்படியே உள்ளே போய்விட்டான் என்று யெகோர் வந்து சொன்னான். கயிறு வரைக்கும் அவன் வரவே இல்லை என்றான். இறந்தவருக்காகப் போடும் நாற்பதாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அவன் அழுத அழுகையைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். சவேலியின் உடல் கிடைக்கவில்லை. அவன் செய்த வண்டி வீட்டில் இருப்பது நல்லதில்லை, எரித்துவிடு என்று ஆளாளுக்கு வந்து ஓதினார்கள். எரிப்பதானால் தன்னையும் அதில் உட்கார வைத்து எரிக்கச் சொன்னாள் கிளாஷா. மறுநாளே தானே ஓட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

கயிறு சுண்டியது.

இருக்கையின் அடிச்சட்டத்தில்தான் கயிறு கட்டியிருந்தது. அதிர்வு நேராக அவள் முதுகுத்தண்டில் ஏறியது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

பழகிய கை தானாக வேகத்தைக் குறைத்தது. "யாரோ வழி தப்பின ஆளு, அண்ணே. புடிச்சிட்டாரு," என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

"யாருமில்ல. நாமதான் கடைசி வண்டி. மத்தவங்க எல்லாம் முன்னாலயே கரையேறிட்டாங்க."

அவள் பின்பக்கம் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. பெட்டி நிறைய இருந்த, புதிதில் வெள்ளரிக்காய்போல மணக்கிற ஏரி மீனின் வாசம் அதுவரை கூண்டுக்குள் கமகமத்துக்கொண்டிருந்தது. அது மெல்ல அமுங்கி, வேறொன்று வந்தது. ஏரியின் அடிச்சேறு. ஊறிய கம்பளி. குளிர்காலம் முழுக்கத் திறக்காத கிணற்றின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்கிற காற்று. கதவு இருந்தால் சாத்திக்கொள்ளலாம். பனியில் இறங்கும்முன் இரண்டு கதவையும் கழற்றிவிடுவது வழக்கம், விழுந்தால் வெளியே பாயத் தடை இருக்கக்கூடாது என்று. கதவுகள் இப்போது கரையில், மீன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

பாரம் கூடியது. முதலில் ஒரு ஆள் கனம். அப்புறம் இரண்டு ஆள். எஞ்சின் முனகியது. முன்சக்கரம் பனியில் சரியாகப் பதியாமல் ஸ்டியரிங் கையில் லேசானது. கிளாஷாவுக்குப் பயமாக இருந்தது. சவேலியின் நினைவு வந்தபோது இன்னும் பயமாக இருந்தது. அவனை நினைத்து அவள் பயந்தது அதுவே முதல் தடவை, அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

கயிறு மறுபடி மூன்று தரம் சுண்டியது.

"அறுத்துடு," என்றான் யெகோர். "அறுத்துடு கிளாஷா. விடமாட்டான். அன்னைக்கும் இப்படித்தான், விடாம சுண்டிக்கிட்டே வந்தான்."

அவள் சாலையைப் பார்ப்பதுபோல் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஓட்டினாள்.

"கயிறு வரைக்கும் அவரு வரவே இல்லன்னு சொன்னீங்களே, அண்ணே."

யெகோரின் கை இடுப்புக்குப் போயிற்று.

"மேஜையில உக்காந்து அழுதீங்க."

"அழுகை பொய்யில்லம்மா." அவன் கெஞ்சுகிற மாதிரி பேசினான். "வண்டி பின்பக்கமா சாஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம் போனா ரெண்டு பேரும் உள்ள. என் எடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. செஞ்சுமிருக்காங்க. ஊருக்குள்ள போய்க் கேளு. உங்கப்பனைப் பத்திக் கேளு. கயிறு அந்துபோச்சுன்னு சொல்லாத வீடு ஒண்ணு காட்டு."

அவளுக்கு அப்பா சொன்ன அந்துபோன கயிறு ஞாபகம் வந்தது. அடுத்த வீட்டுக்காரர் சொன்னது. எத்தனை நாற்பதாம் நாள் மேஜைகள், எத்தனை அழுகை.

யெகோர் இடுப்பிலிருந்து மீன் கத்தியை உருவினான். இருக்கையில் முழந்தாளிட்டுப் பின்னால் குனிந்தான். கயிற்றை ஒரு கையால் பற்றினான், கத்தியை வைத்தான்.

கிளாஷா காலடியில் கிடந்த பனிக்கம்பியை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கத்தி கதவில்லாத பக்கமாகப் போய் வெள்ளையில் மறைந்தது.

"உக்காரு," என்றாள். அண்ணனும் போயிற்று, மரியாதையும் போயிற்று. "இல்ல, எறங்கிப் போறியா? போ. கதவுகூட இல்ல. யாரு தடுக்குறா உன்ன?"

அவன் வெளியே பார்த்தான். இறங்கவில்லை. அடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தான்.

பின்னால் இருப்பது சவேலியாக இருக்கலாம். ஒரு வருஷம் தண்ணீரில் கிடந்த எதுவாகவும் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று, அது கயிற்றைப் பிடித்திருக்கிறது. பிடித்த கையை அறுத்துவிட்டுப் போகிறவள் தான் இல்லை.

"எதுவா வேணா இருந்துக்க," என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். "நான் விடப் போறதில்ல. கெட்டியா புடிச்சுக்க!"

ஆக்சிலேட்டர் பிடியைத் திருகினாள். எஞ்சின் அலறியது. அடியில் பனி முறிகிற சத்தம் நீளமாக ஓடி எங்கோ போய் நின்றது. சக்கரம் வழுக்கியது. பிடித்தது. நகர்ந்தது. ஒரு முழம். இன்னொரு முழம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் குறைந்தது. அவள் மூச்சு விட்டாள். அறுந்துவிட்டதா?

இல்லை. இழுபட்டு வந்தது இப்போது நடந்து வருகிறது.

காலடிச் சத்தம். ஊறிய கம்பளிப் பூட்ஸ். சளப். சளப். ஒரு ஜோடிக் கால் அல்ல.

முன்னால் வெள்ளைக்குள் மஞ்சளாக ஒரு விளக்கு. மீன் கொட்டகை. வண்டி தாமதமானால் வந்து நிற்பார்களே, அப்படிக் கரையில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் கத்தி.

கயிறு தொய்ந்தது. யாரோ கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். கிட்டே.

டொக்.

டப்பா. மறுபடி. ப்ளைவுட்டில்.

டொக்.

யெகோரின் பக்கம். கதவில்லாத பக்கம்.

கிளாஷா திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கமுடியாது, பார்க்காமல் இருக்கவும் மாட்டாள். ஓடுகிற வண்டியின் கூடவே நடந்து வந்த ஒருவனின் கை உள்ளே நீண்டது. தண்ணீர் சொட்டும் கம்பளிக் கையுறை. கட்டைவிரல் கிழிந்த இடத்தில் நிறம் பொருந்தாத நூலால் அவளே போட்ட ஒட்டு. அந்தக் கை டப்பாவை யெகோரின் மடியில் பதமாக வைத்தது. வைத்துவிட்டு விடவில்லை. யெகோரின் விரல்கள் டப்பாவின் மேல் மூடிக்கொண்டன. அவற்றைப் பிரிக்க அவன் பாடுபட்டான். பிரியவில்லை.

கையுறை போட்டவனின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதைப் பற்றிப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

அவனுடைய இன்னொரு கை பின்னால் நீண்டிருந்தது. அதை ஒரு கை பிடித்திருந்தது. அந்தக் கைக்குரியவனின் மறு கையை இன்னொரு கை. பழைய காலத்துத் தோல் கோட்டுகள், இப்போது யாரும் போடாத தொப்பிகள், ஒன்றன் பின் ஒன்றாக, கைகோத்தபடி, வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தது அந்த வரிசை.

கரையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பின்வாங்கினார். ஒருவர் மண்டியிட்டார்.

"அறுத்துடு கிளாஷா!" என்று யாரோ கத்தினார்கள். "அறுத்துடு!"

அவள் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாள்.

"வழிய விடுங்க," என்றாள். "உங்க வீட்டு ஆளுங்களத்தான் கூட்டிட்டு வரேன்."

கரக்காத் கரையேறியது. சுவரில் சாய்ந்து நின்ற தன் கதவுகளைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் வீடுகளில் தாழ்ப்பாள்கள் படபடவென்று விழுந்தன. பின்னால், ஏரியின் விளிம்பில், ஒவ்வொருவராகக் கரையில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசி ஆள் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.