மயிலையின் முகம்

செங்கோட்டையனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு வெற்றிலை ஏற்றிப் போகும் மாட்டு வண்டியை மகனிடம் விட்டுவிட்டார். சும்மா இருக்க முடியவில்லை. களிமண்ணில் உருவம் செய்யப் பழகினார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவருடைய காளை மயிலைக்குக் கோமாரி நோய் கண்டபோது, "மாரியாயி! மயிலை பொழைச்சா, என் கையாலயே மண்ணுல காளை செஞ்சு உனக்கு வெக்கறேன்" என்று வேண்டிக்கொண்டார். மற்றவர்களைப் போலக் குயவரிடம் வாங்கி வைத்திருக்கலாம். 'என் கையாலயே' என்று சொல்லி மாட்டிக்கொண்டார்!

காளை பிழைத்தது. மண் காளையும் உருவானது. வால், திமில், பின்னங்கால் எல்லாம் அப்படியே மயிலைதான். முகம்தான் வரவில்லை.

"ஏனுங்க மாமா, இது பன்னிங்களா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு வேலுமணி.

அவன் போனதும் செங்கோட்டையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாரியாயி கோயில் நோம்பிக்கு இன்னும் பத்து நாள்தான். சாமிகிட்டச் சொன்ன சொல்லு போச்சே!"

தம்பி மகள் ராசம்மாளுக்கு வயது பத்து. அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பெரியப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மண் காளையை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

"பெரியப்பா, மயிலைக்கு நெத்தியில சுழி எந்தப் பக்கமுங்க?"

அவர் மாட்டைப் பார்க்க எழுந்தார்.

"அதுக்குத் தண்ணி காட்டறது, தவிடு வெக்கறது ஆருங்க?"

"உங்க பெரியம்மாதான் சாமி."

"அதானுங்க! இத்தன வருசம் வண்டி மேல உக்காந்து நீங்க பாத்தது பின்பக்கத்த மட்டுந்தானுங்க!"

அழுகையை மறந்து அவர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து தவிட்டை அவரையே வைக்கச் சொன்னாள். மயிலை தின்று முடிக்கும்வரை எதிரே உட்காரவும் வைத்தாள். மூன்றாம் நாள் அது அவர் கையை நக்கியது. இந்தக் கண்களை இத்தனை நாள் பார்க்காமலே இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. ஈரத் துணி சுற்றி வைத்திருந்த மண் காளையின் தலையை மட்டும் பிய்த்துவிட்டுப் புதிதாகச் செய்தார். காய்ந்ததும் குயவர் சூளையில் வைத்துச் சுட்டார்கள்.

நோம்பி அன்று கோயில் வாசலில் வைத்த மண் காளையை வேலுமணி நின்று பார்த்தான். "அட, நம்ம மயிலை!" என்று கத்தினான்.

திரும்பி வரும்போது ராசம்மாள் கேட்டாள், "அடுத்து என்ன செய்யப் போறீங்க, பெரியப்பா?"

"நரி."

"அது நம்ம முன்னால வந்து நிக்காதுங்களே?"

"நாமதான் போயி நிக்கோணும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருவரும் கரும்புக் காட்டு வரப்பில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.