தேரி மணலும் இரண்டு பாயின்டர்களும்

மோதிரம் மேலே போனது. கீழே வரவில்லை!

"சூப்பர் மாப்பிள்ளை! ஸ்லோ மோஷன்ல அள்ளும்!" என்று குதித்தார் வீடியோக்காரர். பிறகுதான் ரெஜிஸின் முகத்தைப் பார்த்தார். குதிப்பதை நிறுத்திக்கொண்டார்.

சுற்றிலும் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய வரை செக்கச் சிவந்த மணல்மேடுகள். மாலை நான்கு மணிக்குக் கோயிலில் ரெஜிஸுக்குக் கல்யாணம். பாதிரியார் மந்திரித்து, மணப்பெண் அவன் விரலில் போட வேண்டிய மோதிரம் அது. "பெட்டியைவிட்டு வெளியே எடுத்துராதீங்க மாப்பிள்ளை" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மாமனார் சவரிமுத்து கொடுத்தது.

"கீழே படுத்து ரிஃப்ளெக்டர் பிடிச்சவன் நானு. எங்கிட்டத்தான்ல விழுந்துச்சு!" என்றான் நண்பன் போஸ்கோ. மணலுக்குப் பயந்து பேண்டைத் தடிமனாக மடித்துவிட்டிருந்தான்.

ரெஜிஸ் தன் அக்கா ஜெசிந்தாவுக்கு போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் மெட்டல் டிடெக்டரோடு திரிந்து, சுற்றுலாக்காரர்கள் தொலைத்ததைத் தேடிக் கொடுப்பவள். பாதி பின்னிய சடையோடு வந்து இறங்கினாள்.

"வேற எவனாவது கல்யாணத்தன்னைக்கு மோதிரத்தை வானத்துல எறிவானால? ம், நான் கொண்டாந்த மண்வெட்டியைத் தள்ளிப் போடு, அதுவும் இரும்புதான்!"

டிடெக்டர் கூவியது. தோண்டினார்கள். சோடா மூடி. மறுபடி கூவியது. போஸ்கோ பாய்ந்து தோண்டினான். ஒன்றுமில்லை! அள்ள அள்ள மணல் சரிந்தது. அவன் நகர்ந்து தோண்டினால் சத்தமும் நகர்ந்தது.

"மோதிரம் நடக்குதுக்கா!" என்று அலறினான் போஸ்கோ.

"டிடெக்டரோட இந்தத் தட்டு தோசைக்கல் அகலம். 'இங்கன எங்கேயோ'ன்னுதான் சொல்லும். 'இதோ இங்கே'ன்னு காட்ட பாயின்டர் வேணும். என்னோடதைப் போன வாரம் கடல் கொண்டுபோயிட்டு. எடுங்கல வண்டியை!"

போஸ்கோவின் லோடு ஆட்டோ தூத்துக்குடிக்குப் பறந்தது. கடைக்காரர் இரண்டு பாயின்டர்களை எடுத்து வைத்தார். இரண்டுமே கேரட் அளவுக் கைக்கருவிகள். ஒன்று சிவப்பு, விளக்கும் சைரனும் உண்டு. மற்றது கறுப்பு, சத்தமே கிடையாது. உலோகம் பக்கத்தில் வந்தால் கைக்குள் அதிரும், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு.

போஸ்கோ கல்லாமேஜை மேல் ஏறி உட்கார்ந்து சிவப்பைத் தட்டிவிட்டான். கடையே அலறியது!

"எப்படி? அரையடியிலயே புடிக்குதுல்லா! இதுதான் ஆம்பளை!"

"நீ உட்கார்ந்திருக்கது இரும்பு மேஜைல, மூதேவி" என்ற ஜெசிந்தா, எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கறுப்பை மடியில் வைத்துத் திருகிப் பார்த்தாள். போஸ்கோவின் தொங்கும் கால்கள் ஆடின. கறுப்பு அதிர்ந்தது. கால்கள் விலகின. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"சும்மா இருக்கும்போதே நடுங்குது பாருங்க! ஓட்டைச் சாமான்!" என்றான் போஸ்கோ.

"எனக்கு இதுதான் வேணும். திருகினா கூர்மையைக் குறைக்கலாம்."

"கூர்மையைக் குறைக்கவா? காசு குடுத்து எவனாவது செவிட்டு நாயை வாங்குவானா?"

"ரெண்டையும் கொண்டு போங்க" என்றார் கடைக்காரர், காதைப் பொத்தியபடி. "வேணாததைச் சாயங்காலம் திருப்பிக் குடுங்க. முதல்ல அந்தச் சிவப்பை அணைங்க தம்பி!"

திரும்பும்போது காற்று எழும்பியிருந்தது. காலையில் பதிந்த கால்தடங்கள் பாதி மறைந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்த இடமே அடையாளம் தெரியாது!

போஸ்கோ சிவப்பை மணலில் குத்தினான். அலறியது! தோண்டினான். ஒன்றுமில்லை. இரண்டடி தள்ளிக் குத்தினான். அலறியது! எங்கே குத்தினாலும் அலறியது.

"அக்கா! தேரி முழுக்கப் புதையல்!"

"மணல் ஏன்ல செவப்பா இருக்கு? பூராவும் இரும்புச் சத்து! உன் சிவப்பு மண்ணைப் பார்த்துக் கத்துது."

ஜெசிந்தா கறுப்பை மணலில் செருகினாள். அதிர்ந்தது. திருகினாள், இன்னும் கொஞ்சம், அடங்கியது. இனி இரண்டு விரல் நெருக்கத்தில் உலோகம் வந்தால்தான் வாய் திறக்கும்.

மண்டியிட்டுச் சல்லடை போடுவதுபோல் தேடினாள். ஒரு ஹேர்பின். ஒரு சைக்கிள் மணியின் மூடி. அப்புறம் அமைதி. ரெஜிஸ் மணியைப் பார்த்தான், மாமனாரின் மீசையை நினைத்தான்.

"அந்தச் செவிட்டு நாயைத் தூரப் போடுங்கக்கா!" என்று போஸ்கோ அவள் கையை உரசிக்கொண்டு வந்து நின்றான்.

கறுப்பு அதிர்ந்தது!

ஜெசிந்தா தோண்டவில்லை. "ரெண்டடி தள்ளிப் போல." போனான். அடங்கியது. "வால." வந்தான். அதிர்ந்தது. அவள் நெற்றி சுருங்கியது. ஸ்டூல்... ஆடிய கால்கள்... கடையிலும் இப்படித்தானே!

"அசையாதே!"

கறுப்பின் முனை அவன் செருப்பைத் தொட்டது. அமைதி. கணுக்காலுக்கு ஏறியது. அமைதி. பேண்ட் மடிப்பைத் தொட்டதும் தேனீக்கூட்டம்போல் துடித்தது! மடிப்பை இழுத்துப் பிரித்தாள். ஒரு கைப்பிடி செம்மணல் கொட்டியது. நடுவே மினுங்கிக்கொண்டு விழுந்தது மோதிரம்!

"அடப்பாவி! தூத்துக்குடி வரைக்கும் சுமந்துட்டுப் போய்ட்டு வந்திருக்கியேல!" ரெஜிஸ் அழுதுகொண்டே சிரித்தான்.

"பத்திரமா வெச்சிருந்தேன்லா?" என்றான் போஸ்கோ.

"ஒரு தடவை... திரும்ப எறிஞ்சா..." என்று ஆரம்பித்த வீடியோக்காரரை மூவரும் சேர்ந்து பார்த்தார்கள். அவர் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

நான்கு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பாதிரியார் தட்டில் மோதிரத்தை எடுத்தபோது கூடவே நாலைந்து சிவப்பு மணல் துகள்கள் உதிர்ந்தன. சவரிமுத்துவின் மீசை நிமிர்ந்தது.

"என்ன மாப்பிள்ளை, செம்மண்ணு?"

போஸ்கோ ஆர்வமாக வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஜெசிந்தா அவன் இடுப்பில் எதையோ குத்தினாள். அது அவன் பெல்ட் கொக்கியை உணர்ந்து சத்தமில்லாமல் அதிர்ந்தது. வாயை மூடிக்கொண்டான்.

கல்யாணம் ஜோராக நடந்தது. கடைக்குத் திரும்பிப் போனது சிவப்புதான். எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் சொல்வதில் எது நிஜம் என்று யாருக்குத் தெரியும் என்றாள் ஜெசிந்தா. அதைச் சொல்லும்போது அவள் கருவியைப் பார்க்கவில்லை. போஸ்கோவைத்தான் பார்த்தாள்.