இருபது நிமிட அவகாசம்

அவனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பத்து நொடிக்கு ஒரு தரம், யாரோ சுத்தியலால் தாடையை உள்ளிருந்து மெல்லத் தட்டுவது போல. கடலடியில் எண்ணெய் தேடும் அவன் கப்பல் பின்னால் இழுத்துப் போகும் காற்றுத் துப்பாக்கிகளும் பத்து நொடிக்கு ஒரு தரம்தான் தண்ணீருக்குள் வெடிக்கும். ஆனால் காலை வேலை முடிந்ததும் அவற்றை மேல்தளத்தில் இழுத்துப் போட்டாயிற்று.

மணி மூன்று நாற்பது.

"கம்ப்ரசர் ஓடுதா மாப்ளே?" துப்பாக்கிகளுக்குக் காற்று அடைக்கும் யந்திரத்தைக் கேட்டான்.

"அணைச்சு அஞ்சு மணி நேரமாச்சு. பொணம் மாதிரி சில்லுனு கிடக்கு," என்றான் கம்ப்ரசர்காரன், அவன் தங்கையின் புருஷன். "பல்லைப் புடுங்கிடலாமா மச்சான்? எங்கிட்ட பெரிய ஸ்பானர் இருக்கு."

பல் வலித்தவன் தாடையைப் பிடித்துக்கொண்டான். அவன் வேலை கடலைப் பார்ப்பது. திமிங்கிலம் தென்பட்டால் வெடிக்க விடக் கூடாது. தென்படாவிட்டாலும் சின்ன வெடியில் தொடங்கி, இருபது நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழு வெடிக்கு ஏற்ற வேண்டும். கீழே இருப்பவை ஓடிப் பிழைக்கட்டும் என்று பல நாடுகள் கடைப்பிடிக்கும் விதி. காலையில் தாயும் குட்டியுமாக இரண்டு முதுகுகளைப் பார்த்தான். கப்பலுக்கோ ஏற்கெனவே தாமதம். எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முதல் வெடியே முழு வெடி. மேலே மிதந்து வந்த குட்டியின் தலையிலிருந்து இரத்தம் தண்ணீரில் கொடியாக நீண்டது. தாய் அதை முட்டி முட்டித் தூக்கிப் பார்த்தது.

மேசைமேல் தேநீரில் வளையங்கள் எழுந்தன. பெயிண்ட் வாடையோடு அறைக்குள் ஏதோ கொழுப்பு நாற்றம் கலந்தது. பல்லில் விழுந்த ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிடப் பெரிது. மூன்று ஐம்பத்தைந்துக்குக் கண்ணாடித் தம்ளர் தானாக வெடித்தது.

"மச்சான், எனக்குக் காது கேக்கல."

மாப்பிள்ளையின் மூக்கில் இரத்தம். அடுத்த தட்டு. காதில். அடுத்தது. கண்ணின் வெள்ளை சிவந்து பிதுங்கியது. பேச வாய் திறந்தான், பற்கள் உதிர்ந்தன. விழுந்தான்.

மச்சான் கதவைத் திறந்தான். நடைவழி நெடுக ஆட்கள் கிடந்தார்கள். எல்லோர் காதிலும் சிவப்பு.

மூன்று ஐம்பத்தொன்பது.

சின்னதாகத் தொடங்கி, ஏற்றி. விதிப்படி. அந்தத் தட்டு அவனை ஓடச் சொல்கிறது. எங்கே ஓட?

வட்டச் சன்னலுக்கு வெளியே ஒரு கறுத்த முதுகு. அதன் மேல் செத்த குட்டி. பக்கத்தில் இன்னொரு முதுகு. அதற்கப்பால், தொடுவானம் வரை, முதுகுகள். எதுவும் அசையவில்லை.

நான்கு மணி. அவை அவனுக்குத் தந்த இருபது நிமிடம் முடிந்தது, இனி முழு வெடி.

அந்தக் குட்டிக்கு அவன் தர வேண்டிய இருபது நிமிடம் இன்னும் பாக்கி.