மூன்று வாளித் தண்ணீர்

குளியலறைத் தரை மறுபடியும் நனைந்திருந்தது. அகீல் காலையிலிருந்து குளிக்கவில்லை. வாளியில் விளிம்பு வரை தண்ணீர் அசையாமல் நின்றது. நான்கு நாளாக இப்படித்தான். பின்னேரமானால் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், போய்ப் பார்த்தால் ஈரம் மட்டும் இருக்கும்.

அவன் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தான். துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. யன்னல் வழியே டீசல் மணமும் கருவாட்டு மணமும் வெயிலோடு சேர்ந்து வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு மணம். கடல்தான். ஆனால் இந்தக் கடல் இல்லை.

மனைவி ஜுமானாவோடு போன தீவு எப்படியென்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தான்: நல்ல இடம். உண்மையிலேயே நல்ல இடம். மாலைதீவின் கடைசித் தொங்கலில், அரை மணித்தியாலத்தில் சுற்றி நடந்துவிடக்கூடிய வெள்ளை மணல். முதல் நாள் ஜுமானா முழங்காலளவு நீரில் நின்று அவனைக் கேலி செய்தாள்.

"மச்சான், எங்கட நிலாவெளிக் கடலுக்கு ஓட்டோவில போயிருக்கலாமே. இதுவும் உப்புத்தானே."

மூன்றாம் நாள் பவளப்பாறை ஓரத்தில் அலை அவளை இழுத்தது. தூக்கி வரும்போது மூச்சில்லை. கடல் கொந்தளித்து இரண்டு நாளைக்குப் படகில்லை என்றார்கள். அந்த வெயிலில் மையித்தை வைத்திருக்க ஏலாது. அடக்குமுன் பெண் மையித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் வேண்டும்; விடுதியில் வேலை செய்தவர்கள் எல்லாரும் ஆண்கள். தங்கியிருந்த பெண்களில் முஸ்லிம் ஒருத்தியும் இல்லை. கணவன் குளிப்பாட்டலாம் என்றார் அங்கிருந்த முதிய சமையற்காரர். மூன்று வாளித் தண்ணீரும் கற்பூரமும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

அகீலால் அவளைத் தொட முடியவில்லை.

வெளியே நின்றவர்களுக்குச் சத்தம் கேட்கவேண்டுமென்று மூன்று வாளியையும் ஒவ்வொன்றாகத் தரையில் ஊற்றினான். பிறகு, மணல் அப்பிய தலையை அப்படியே கஃபன் துணியால் மூடினான். தாழம்புதர்களுக்குப் பின்னால் அடக்கினார்கள்.

குசினிக் கதவு திறந்தது. ஜுமானாவின் தாய் நஜ்முன் நிஸா. இது மகளுக்குச் சீதனமாக அவர் கட்டிக்கொடுத்த வீடு; அவர் இருப்பது பின்வளவில். நாளைக்கு ஜுமானாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதல். யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று சொல்லிக்கொண்டே கதிரையில் அமர்ந்தார்.

"ஒண்டு கேக்கணும் மகன். தலைய நல்லாக் கழுவினீங்களா? சின்னதிலயிருந்தே தலையில மண் கிடந்தா அவளுக்கு நித்திரை வராது."

"ஓம் மாமி. மூணு தரம்."

"உங்கட கையாலயா?"

"ஓம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஒழு எடுத்துவிட்டு வருவதாகக் குளியலறைக்குப் போனார். போகவேண்டாம் என்று சொல்ல அகீல் வாயெடுத்தான். அதற்குள் அவர் உள்ளே போயிருந்தார்.

ஒரு வாளி ஊற்றும் சத்தம்.

கை, கால், முகம் கழுவி ஒழு எடுக்க ஒரு வாளி தேவையில்லை.

இன்னொன்று. பிறகு மூன்றாவது. பிறகு மாமியின் குரல், பிள்ளையோடு பேசுவது போல மெதுவாக.

"கண்ண மூடிக்கொள்ளு மகள்."

அவன் எழுந்தான். கால்கள் தாமாகவே நடந்தன. கதவு பாதி திறந்திருந்தது.

மாமி ஈரத் தரையில் இருந்தார். அவர் மடியில் ஒரு தலை. கவிழ்ந்த தலை. வெள்ளைத் துணி இடுப்பு வரை அவிழ்ந்து கிடந்தது. நீண்ட கூந்தலை அவர் விரலால் வகிர்ந்தார். மணல் கொட்டியது. வகிர வகிரக் கொட்டியது. வெள்ளை மணல், அவர் மணிக்கட்டு வரை.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"தண்ணி காணாது மகன். ஊத்துங்க."

அகீல் இன்னும் விளிம்பு வரை நிறைந்திருந்த வாளியைத் தூக்கினான். மாமி தலையை மெல்ல அவன் பக்கம் திருப்பிப் பிடித்தார். அவன் ஊற்றினான். நெற்றியிலிருந்து மணல் கரைந்து வழிந்தது. கன்னத்திலிருந்தும். அதற்குக் கீழே கன்னம் இல்லை. மணல். அதற்கும் கீழே மணல்.

மாமியின் விரல்கள் அதற்குள் மகளின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன.