உம்கொட்டி

காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூர் போகும் ஓட்டுநரில்லாப் பேருந்தில் அன்று காலை நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பக்கத்தில் இருப்பவரோடு பேசவில்லை. சட்டைப் பையிலும் சேலைத் தலைப்பிலும் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கருவி குத்தியிருந்தது. ஒருத்தி மருமகளைப் பற்றிக் குறைபட்டாள். அது "ம்" என்றது. ஒருவர் மேலதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டினார். அதற்கும் "ம்" என்றது. திட்டி முடித்தவர் ஜன்னலில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கருவிக்குப் பெயர் உம்கொட்டி. அதைச் செய்த கீர்த்தனா கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பேருந்து முழுக்க எழும்பிக்கொண்டிருந்த அத்தனை "ம்"மும் அவள் கணவர் பூபதியின் குரல்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அலுவலகத்தில் சாதிக் ஒரு வேடிக்கைச் செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். அவளோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கியவன் அவன்.

"அக்கா, நாட்டுலயே அதிகமா பேச்சுக் கேக்குற உம்கொட்டி எது தெரியுமா? நாம மொதல்ல செஞ்ச ஒண்ணாம் நம்பர். உங்க வீட்டு பிரிட்ஜ் மேல கெடக்குமே, அதேதான். தினமும் காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும்."

யார் என்ன பேசினார்கள் என்பதை உம்கொட்டி சேர்த்துவைக்காது. எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லும். அந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்க வேண்டும். பூபதி பம்ப்செட் தொழிற்சாலையில் மோட்டார் சோதிக்கும் கூடத்தில் இருக்க வேண்டும். கீர்த்தனா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கேட்க நாதியில்லாதவர்களுக்கு ஒரு காது செய்து தர வேண்டும் என்பதுதான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தோன்றிய யோசனை. முதலில் செய்த பொறிக்கு ஆறுதலன் என்று பெயர் வைத்தார்கள். அது எல்லாவற்றையும் புரிந்துகொண்டு அழகாக ஆறுதல் சொன்னது. சோதித்துப் பார்க்க வாங்கிப்போன பீளமேட்டு அம்மா ஒருத்தி மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எங்கூட்டுல புத்தி சொல்றவீங்களுக்கா பஞ்சம்? நான் சொல்றதைக் கேட்டா போதும், கண்ணு."

சரி, வாயைக் கட்டுவோம், "ம்" மட்டும் கொட்டட்டும் என்று முடிவு செய்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி. தமிழனின் "ம்" ஒன்றா இரண்டா? சொல்லு என்பதற்கும் "ம்", சரி என்பதற்கும் "ம்", இருக்கட்டும் உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்பதற்கும் "ம்"தான். பொறி அதை இடம் மாற்றிப் போட்டது. ஒருவர் தன் அப்பா இறந்த கதையைச் சொல்லி விசும்பும்போது அது குஷியாக "ம்ம்?" என்றதாம். அவர் கருவியைக் கிணற்றில் போட்டுவிட்டார்.

அந்த நாட்களில் கீர்த்தனா மாலையில் வீட்டுக்குப் போய் பூபதியின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டுவாள். அவர் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே அவளைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" விழுகிற இடத்தில் விழும். அவள் அழப்போகும் கணத்தில் மட்டும் வராது. அவர் சம்மதத்தோடு ஆறு மாதம் அதைப் பதிவு செய்து பொறிக்குப் புகட்டினார்கள்.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. அவள் பேசிய சொற்களையும் சேர்த்துக் கொடுத்தபோது பொறி குழம்பியது. சொற்களை உருவி எடுத்துவிட்டு, குரலின் ஏற்ற இறக்கத்தையும் மூச்சையும் மட்டும் கொடுத்தபோது ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. பொருள் புரியாத பொறி எப்படி இவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று கீர்த்தனா மண்டையைக் குடைந்துகொண்டாள். "அண்ணன் வார்த்தையக் கேக்குறதில்லக்கா, மனசக் கேக்குறாரு" என்றான் சாதிக். அவளுக்கு அது பெருமையாக இருந்ததால், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பொள்ளாச்சியில் பெண் பார்க்கப் போன ஒருவர் உம்கொட்டியைச் சட்டையிலிருந்து கழற்ற மறந்துவிட்டார். "தை மாசமே வெச்சுக்கலாமுங்களா?" என்று பெண்ணின் அப்பா கேட்க, அது "ம்" கொட்டிவிட்டது. மௌனமே சம்மதம் என்றால் "ம்" வந்த பிறகு கேட்பானேன்? அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் டப்பாவில் "ம் என்பது சம்மதம் அல்ல" என்று அச்சடித்தார்கள். அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பத்து லட்சம் கருவிகள் போயின. கீர்த்தனா பெங்களூர், சிங்கப்பூர் என்று பறந்தாள். வீட்டோடு இருந்த பேச்சு தொலைபேசிக்குப் போனது. போனில் பூபதியின் "ம்" வேறு மாதிரி இருந்தது. சாதிக் வண்டியில் விழுந்து கால் முறிந்துவிட்டது என்று சொல்லி அவள் தேம்பியபோது, "ம், நல்லது, நல்லது" என்றார். அன்றைக்கு அவளுக்கு விட்டுப்போயிற்று. மனுஷனுக்கு நான் அலுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். வலித்தது. சொல்ல ஆள் வேண்டுமே! தன் கடைச் சரக்கையே தோளில் குத்திக்கொண்டு அதனிடம் அழுதாள். அது சரியான இடத்தில், அவர் குரலிலேயே, "ம்" என்றது.

இப்போது வீட்டு வாசலில் நின்று தன் சாவியால் கதவைத் திறந்தாள். உள்ளே பூபதியின் பேச்சுக் குரல் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அவர் மட்டும்தான் இருந்தார். முதுகு அவள் பக்கம். எதிரே டம்ளர் ஒன்றில் சாய்த்து உம்கொட்டியை நிறுத்தியிருந்தார். "ம்" கொட்டும்போதெல்லாம் அதன் பச்சை விளக்கு மினுங்கும். அதையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"…வேலைய விட்டு ரெண்டு மாசமாச்சு, அவகிட்ட இன்னும் சொல்லல. நேர்ல வந்தான்னா முகத்தப் பாத்துச் சமாளிச்சுக்குவேன். போன்ல முகம் இல்லையே."

"ஏனுங்க" என்றாள் கீர்த்தனா.

அவர் திரும்பவில்லை.

"ஏனுங்க!"

"ம்" என்று பதில் வந்தது, அவருடைய குரலில். வந்தது டம்ளரில் சாய்ந்திருந்த கருவியிலிருந்து. பூபதி தலையைக்கூட அசைக்கவில்லை. விளக்கு மினுங்கியதைப் பார்த்து, தனக்குத்தான் அது பதில் என்று எண்ணி மேலே பேசிக்கொண்டு போனார்.

கீர்த்தனாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் பதறி எழுந்தார்.

"எத்தனை நாளா?"

"மெதுவாச் சொல்லு அம்மிணி, உதட்டைப் பாத்துக்கறேன்."

"எத்தனை… நாளா?"

"நாலு வருசம் இருக்கும். மோட்டார் சத்தத்துல நரம்பு போயிருச்சாம். குரல் ஒரு இரைச்சலாக் கேக்கும், வார்த்தை பிரியாது. காதுல மெஷின் வெச்சாலும் இரைச்சல்தான் கூடுமாம், வார்த்தை தெளியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப இரைச்சலும் கொறஞ்சுகிட்டு வருது."

"அப்போ நான் தினமும் வந்து சொன்னதெல்லாம்?"

"பாதி புரியும். மீதி உன் முகத்துல இருக்கும். மூச்சு வாங்குனீன்னா ஒரு ம் போடுவேன். கண்ணு கலங்குச்சுன்னா பேசாம இருந்துக்குவேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பத்து லட்சம் பேர் தாங்கள் சொல்வதைக் கேட்கிறது என்று நம்பிக் குத்தியிருக்கும் காது, ஒரு வார்த்தையும் கேளாத காது. சொல்லே கேளாதவர் கொட்டிய "ம்"மைச் சொற்களோடு சேர்த்துக் கொடுத்தால் பொறி குழம்பாமல் என்ன செய்யும்?

"ஏனுங்க சொல்லல?"

"உங்கம்பெனியே எங்காதை நம்பி ஓடுது. அது செவிட்டுக் காதுன்னு எந்த வாயால சொல்றது?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பறம் பயமாப் போச்சு. நீ பேச ஆளில்லாம நிப்பியேன்னு."

தனக்காகவா பயந்தார் இந்த மனுஷன்! கீர்த்தனா கருவியை அணைத்துத் தள்ளி வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

"நெறைய இருக்கு. நேரமாகும்."

"ஆகட்டும்."

பூபதி தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் குக்கர் பொங்கி ஆவி பறப்பதைப் பார்த்ததும், விசில் மட்டும் காதில் விழாததும். கெட்டுப்போனது குக்கர் என்று கடைக்கு எடுத்துப்போனதும். கீர்த்தனாவுக்குக் கண் நிறைந்தது. குனிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றாள்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"கேக்குறியா அம்மிணி?"

பத்து லட்சம் பேருக்கு "ம்" விற்றவளின் "ம்" அந்த மேசையைத் தாண்டிப் போகவில்லை. கீர்த்தனா ஈரம் காயாத முகத்தை நிமிர்த்தி, அவர் பார்க்கும்படி காட்டினாள். பூபதி விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.