ஜமீன் கழுத்தில் சிவப்பு

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே நாயின் கழுத்தைப் பார்ப்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அங்கே மாட்டியிருக்கும் உணர்பட்டையில் பச்சை விளக்கு எரிந்தால் நாய் நிம்மதியாக இருக்கிறது. மஞ்சள் என்றால் சலிப்பு. சிவப்பு என்றால் பயம். உடம்புக்குள் ஊறும் சுரப்புநீர்களைத் தோல் வழியாக அளந்து பட்டை சொல்லிவிடும். "உங்க வீட்ல இன்னைக்குப் பச்சைதான?" என்று கேட்டுக்கொண்டேதான் பால் வாங்கப் போவார்கள்.

சண்முகவடிவு வீட்டில் சில வாரங்களாகவே சிவப்பு.

மின்பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளரான வடிவுக்கு இயற்கையிலேயே வெண்கலத் தொண்டை. "ஏல ஜமீனு!" என்று அவள் கூப்பிட்டால் நாயோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வருவார். பதினொரு வயது ராஜபாளையம் கலப்பு நாய் அது. சோறு கொஞ்சம் தாமதமானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். பட்டை சிவந்ததும் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது: இந்தத் தொண்டைக்கு மனுஷனே நடுங்குவான், வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? கொடுமை என்னவென்றால் வடிவும் அதை நம்பிவிட்டாள். தன் வீட்டுக்குள்ளேயே பூனை மாதிரி நடந்தாள், கிசுகிசுத்தாள், நாயைத் தொடுவதைக்கூட நிறுத்தினாள். சிவப்பு அசையவில்லை.

ஒரு மாதம் விடாமல் சிவப்பு எரிந்தால், வளர்ப்பவர் கொடுமை செய்கிறார் என்பது சட்டம். உணர்வுக் காப்பு வாரியத்தின் வண்டி வந்து நாயை ஏற்றிப் போய்விடும். எங்கே என்று சொல்லமாட்டார்கள். அதற்கு ஒரு கால்நடை மருத்துவரின் கையெழுத்து மட்டும் வேண்டும். பெரும்பாலான மருத்துவர்கள் பட்டையைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். கெடு முடியும் நாளன்று வடிவு போய் நின்ற இடம் டாக்டர் சுலைகாவின் மருத்துவமனை.

சுலைகா நாயைப் பார்த்தார். பட்டையின் மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ஜமீன் கிண்ணத்தைக் காலி செய்தது. இன்னொரு கிண்ணத்தையும் காலி செய்தது. பிறகு மூச்சிரைக்க வந்து வடிவின் கால்மாட்டில் படுத்துக்கொண்டது.

"சாப்பாடு எப்படிம்மா?"

"அத ஏன் கேக்கீங்க டாக்டர், தட்டையும் சேத்துத் தின்னுரும் போலுக்கு. ராத்திரி வேற சும்மா சும்மா ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போவணும். வயிறும் தொங்கிப்போச்சு. வயசாயிட்டுல்லா."

"பயந்த நாய்க்குச் சோறு இறங்குமா?" சுலைகா அதன் விலாவைத் தடவினார். முடி கொட்டி, தோல் மெலிந்திருந்தது. "இந்தப் பட்டை அளக்குறது கார்ட்டிசால்ங்கிற ஹார்மோனை. பயந்தா அது ஏறும், வாஸ்தவம். ஆனா வயசான நாய்க்கு மூளைக்கு அடியில உள்ள சுரப்பியில பொடிசா ஒரு கட்டி வந்தாலும் ஏறும். நாமதான் வயசுன்னு விட்டுருதோம்."

"அப்போ இது என்னக் கண்டு பயப்படலையா?"

"இப்பமே சொல்ல முடியாது. ஒரு ஊசி போடுதேன். பயத்துல ஏறுனதுன்னா ஊசிக்கு அடங்கிரும். கட்டின்னா அடங்காது. சாயங்காலம் தெரிஞ்சிரும்."

"அடங்கிட்டுன்னா?"

"நான் கையெழுத்துப் போடணும்மா."

பூசி மெழுகாமல் சொன்ன அந்த வார்த்தையால்தான் வடிவுக்கு அந்த அம்மாள்மீது பெரிய மரியாதை வந்தது. ஊரே விளக்கைப் பார்க்கும் காலத்தில் ஒருத்தியாவது நாயைப் பார்க்கிறாளே என்று மனம் நெகிழ்ந்தது.

பகல் முழுவதும் வடிவு பெஞ்சில் கிடந்தாள். மதியம் ஜமீனுக்கு ரத்தம் எடுத்தார்கள். வாரியத்தின் வண்டி வந்து வாசலில் நின்றது. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள், தான் என்ன கேட்கிறோம் என்பதை நடுவில் கவனித்துத் திடுக்கிட்டாள். கட்டியாக இருக்கட்டும், கட்டியாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சுலைகா வெளியே வந்தார். "அடங்கல. கட்டிதான்."

வடிவு கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. "டாக்டர், இதுக்குச் சீக்கா இருக்கணும்னுல்லா நான் வேண்டிக்கிட்டேன். நான் என்ன பொம்பள!"

"நானும் அதுக்குத்தாம்மா துஆ செஞ்சேன்" என்றார் சுலைகா. "தினமும் மாத்திரை கொடுக்கணும், அப்பப்ப ரத்தம் பாக்கணும். நல்லபடியா இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கும்."

வண்டியை அவரே போய்த் திருப்பி அனுப்பினார்.

ஜமீனைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் திரும்பிய வடிவு, தன் வீட்டைத் தாண்டி நடந்தாள். தெருக்கோடியில் சவுந்தரபாண்டியன் என்றொருவர் தனியாக இருந்தார். போன வருஷம் சிவப்பு எரிந்த அவருடைய கிழட்டு நாயை வண்டி ஏற்றிப் போனதிலிருந்து தெருவில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வடிவும் பேசியதில்லை.

கதவைத் திறந்தவர் ஜமீனைப் பார்த்ததும் ஓரெட்டுப் பின்வாங்கினார்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க நாயி ரொம்பத் தண்ணி குடிக்குமா?"

அவர் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குடிக்கும் தாயி" என்றார். "குடங்குடமாக் குடிக்கும்."