ஒதுங்கி நின்ற மீன்கள்

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், நான்காக மடித்த ஒரு கடதாசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு றிஸ்னா சாய்ந்தமருதில் ஷரிபுதீனின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். கடற்கரை வீதியிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தாள்.

ஷரிபுதீன் இருபத்திரண்டு வருடம் அந்தப் பகுதியின் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலில் போனவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், வீதியில் அடிபட்டவர்கள் என்று எத்தனையோ பேரின் கடைசிக் கதையைத் தன் கையால் எழுதியவர். வலது காது மந்தம். அதனால் யார் எது சொன்னாலும் இரண்டு தரம் சொல்ல வைப்பார். அன்று அவருக்கு எதிரே தர்சினி இருந்தாள். கல்முனையில் சட்டத்தரணியாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சிக்கலான மரணம் ஏதும் வந்தால் கோப்பைத் தூக்கிக்கொண்டு முதலில் அவரிடம்தான் ஓடிவருவாள்.

"இரிங்க மகள். என்ன கடதாசி அது?"

"எங்கட தம்பி ஹிஷாம்ட விசயம் சேர். நாலு மணிக்கு ஹோட்டல்ல இருந்து ஆள் வருதாம். உம்மாவ இதுல கையெழுத்து வெக்கட்டாம்."

தர்சினி வாங்கி வாசித்தாள். கொழும்பில் கடலோரம் நிற்கும் 'மெரிடோனா' ஹோட்டலின் கடிதம். ஹிஷாம் என்ற ஊழியர் மூன்று வாரத்துக்கு முன் வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஹோட்டலின் சூதாட்ட மாடியில் விளையாடித் தோற்று, மனமுடைந்து, பின்புற முற்றத்திலிருந்து கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கைத்தொலைபேசி அவரோடு கடலில் போய்விட்டது. இதைக் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது, மேற்கொண்டு விசாரணை எதுவும் கேட்காது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். கரையில் கிடைத்த உடலின் நெஞ்சுக்குள் கடல் தண்ணீர் இருந்ததாகக் கொழும்பு மருத்துவர் எழுதிய அறிக்கையும் அதோடு இணைத்திருந்தது.

"வெக்காட்டி?"

"சூது விளையாடித்தான் மௌத்தானான் எண்டு பேப்பருக்குக் குடுப்பாங்களாம் மிஸ். எனக்குக் கீழ ஒரு தங்கச்சி இரிக்கா. மாப்பிள பேசி முடிச்சாச்சு."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. மூன்று வாரமாக ஊருக்கு முன்னால் அழாமல் அடக்கி வைத்திருந்தவள். ஹிஷாம் பிறந்தபோது றிஸ்னாவுக்குப் பதினொரு வயது. 'தாத்தா, தாத்தா' என்று அவள் பின்னாலேயே திரிந்து வளர்ந்தவன். வாப்பா கடலில் போன பிறகு அவனுக்குச் சோறு தீத்தினதும் பள்ளிக்கு அனுப்பினதும் அவள்தான்.

"அங்க என்ன வேல செஞ்சாரு?"

"நாலாம் மாடியில மீன் சாப்பாட்டுக் கட, சேர். சுவரளவு கண்ணாடித் தொட்டி ஒண்டு. உசிரோட மீனும் இறாலும் ஓடுமாம். வாற ஆக்கள் விரலக் காட்டினா இவன் வலையால அள்ளிக் குடுக்கணும். கீழ தங்க மணிக்கூடும் அத்தரும் விக்கிற கடைகளாம், மேல ஆட்டம் பாட்டமாம். சூதாடுற மாடிக்கு லிப்ட் இவங்கட அடையாள அட்டைக்குத் திறக்கவே திறக்காதாம்."

"மீனப் பத்தி என்ன சொல்லுவாரு?"

தர்சினி அவரை விநோதமாகப் பார்த்தாள். றிஸ்னா யோசித்தாள்.

"கடல் தண்ணிதான் லொறியில கொண்டுவந்து விடுவாங்களாம். கடைசியாக் கதைச்சப்ப ஒண்டு சொன்னான் சேர். புது மோட்டர் பூட்டின நாள்ல இருந்து மீனெல்லாம் ஒரு மூலைக்குள்ள ஒதுங்கி நிக்குதாம். மத்தப் பக்கம் ஒண்டும் போகுதில்லையாம். 'இந்த மீனுக்கும் ஊட்டு நினைப்பு வந்திட்டு போல தாத்தா' எண்டு சிரிச்சான்."

ஷரிபுதீன் சிரிக்கவில்லை. கலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டார்.

"அதுக்குப் பிறகு கதைக்கல்லயா?"

றிஸ்னா தன் உம்மாவின் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினாள்.  ஆசியா உம்மா மகனுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி அதில் இருந்தது. அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று ஐந்துக்குப் போனது: 'தாத்தாட ஒப்பரேசன் ஞாயித்துக்கிழமை வெச்சிரிக்காம். வந்திட்டுப் போ மனே.' பக்கத்தில் இரண்டு நீலக் கோடு. வாசித்தாயிற்று. பதில் மட்டும் இல்லை.

"எனக்குப் பித்தப்பையில கல்லு சேர். இவன்ட மௌத்தால ஒப்பரேசனத் தள்ளிப் போட்டாச்சு. அண்டைக்கு மூணு மணிக்குத்தான் டொக்டர் திகதி சொன்னாரு. அவன் வாசிச்சிரிக்கான். வாசிச்சிட்டு, ஒரு வார்த்த எழுதாமப் போய்க் குதிச்சிரிக்கான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதத்தான் என்னால தாங்க ஏலாம இரிக்கு."

"போன் பூட்டுப் போட்டா வெச்சிரிப்பாரு?"

"இல்ல. எனக்கென்ன ரகசியம் எண்டுவான்."

இதற்குள் தர்சினி ஹோட்டலின் இணையப் பக்கத்தைத் தன் தொலைபேசியில் திறந்திருந்தாள். "சேர், இஞ்ச பாருங்க! அந்த மீன் சாப்பாட்டுக் கட, ஹிஷாம் இறந்த அடுத்த நாளே மூடியிருக்கு. திருத்த வேலையாம். போன மாசப் படத்தில தொட்டி இருக்கு. புதுப் படத்தில தொட்டியே இல்ல."

ஷரிபுதீன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "பக்கீரப் பாத்திட்டு உங்கட ஊட்ட போவம்."

பக்கீர் கரைவலைக்காரர். ஊரில் ஆண்கள் மௌத்தானால் குளிப்பாட்டுவதும் அவர்தான். ஹிஷாமின் உடல் கொழும்பிலிருந்து வந்தபோதும் அவர்தான் குளிப்பாட்டினார். கடற்கரையில் தோணி நிழலில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். ஷரிபுதீன் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"குளிப்பாட்டுற மையித்துல கண்டத வெளிய சொல்லப்படாது காக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"மையித்துட குறையத்தான் சொல்லப்படாது பக்கீர். இது அநியாயம். அவன் தன்ட உசிரத் தானே மாய்ச்சான் எண்டு எழுதிக் கையெழுத்துக் கேக்கிறாங்க."

 பக்கீர் தன் வலக்கையை விரித்து, பெருவிரலுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "இந்த இடத்தில. மிளகளவு குழி. சுத்திவர வெள்ளையா, நடுவுல கருகி. கல்லுல அடிபட்ட காயம் எத்தினையோ கண்டிரிக்கன். கல்லுக் காயம் கிழியும். இது சுட்ட காயம்."

 தர்சினி றிஸ்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு வெள்ளை வேன் வந்தது. இறங்கியவர் ரகுநந்தன், ஹோட்டலின் ஊழியர் நலப் பொறுப்பாளர், சென்னைக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, தாழ்ந்த குரல். ஆசியா உம்மா அறைக்கதவின் திரைக்குப் பின்னால் பாயில் இருந்தார். ஷரிபுதீனைக் குடும்பத்துக்கு வேண்டிய பெரியவர் என்று றிஸ்னா அறிமுகப்படுத்தினாள்.

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா," என்றார் ரகுநந்தன். "தங்கமான பையன். அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு என் ரூமுக்கு வந்து அழுதான். ஞாயித்துக்கிழமை அவன் தாத்தாவுக்கு ஆபரேஷன்னு சொன்னான். அந்தக் கவலையிலதான் ஒரே ராத்திரில சம்பாதிச்சிடலாம்னு போயிருக்கான். வயசானவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

றிஸ்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷரிபுதீன் கையைச் சற்று உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"எனக்குக் காது மந்தம் தம்பி. ஆருக்கு ஒப்பரேசன் எண்டீங்க?"

"தாத்தாவுக்கு."

"எந்தப் பாஷையில சொன்னாரு? நீங்களும் தமிழ், அவரும் தமிழ்."

"இல்ல சார். ஹோட்டலுக்குள்ள இங்கிலீஷ் மட்டும்தான், கண்டிப்பான விதி. 'மை கிராண்ட்ஃபாதர்'னுதான் சொன்னான். என் காதால கேட்டேன்."

"கிராண்ட்ஃபாதர் எண்டே சொன்னாரா?"

"அதே வார்த்தை சார்."

ஷரிபுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் உயரவில்லை.

"ஹிஷாம்ட வாப்பாட வாப்பாவும், உம்மாட வாப்பாவும் அவர் பிறக்க முந்தியே மௌத்து. ஒப்பரேசன் இந்தா நிக்கிற றிஸ்னாவுக்கு. எங்கட பக்கத்து முஸ்லிம் ஊடுகள்ல மூத்த சகோதரியத்தான் தாத்தா எண்டுற. உங்கட ஊர்ல அது கிழவன். தம்பி, இங்கிலீசில கதைக்கிற ஒருத்தன் தன்ட அக்காவ கிராண்ட்ஃபாதர் எண்டு சொல்லுவானா? சொல்ல மாட்டான். அப்ப நீங்க அதக் காதால கேக்கல்ல. தமிழ்ல எழுதியிருந்ததக் கண்ணால வாசிச்சிரிக்கீங்க. தாத்தா, ஒப்பரேசன், ஞாயித்துக்கிழம, இந்த மூணும் ஒண்டா எழுதியிருந்தது ஒரே இடத்திலதான். கடல்ல போயிட்டு எண்டு உங்கட கடிதம் சொல்லுற அந்தப் போன்ல."

வாசலில் நின்ற வேன் சாரதி திரும்பிப் பார்த்தான். 

"கடலுக்குப் போகாத போன் உங்கட கையில இருந்தா, அதுட சொந்தக்காரனும் தன்ட பாட்டில கடலுக்குப் போகல்ல. உள்ளங்கையில கரண்டு சுட்ட குழி இரிக்கு. நெஞ்சுக்குள்ள கடல் தண்ணி இரிந்ததாக் கொழும்பு டொக்டர் எழுதியிரிக்காரு. அவர் எழுதினது சரி. உங்கட தொட்டியில நிக்கிறதும் கடல் தண்ணிதானே? புது மோட்டர் பூட்டின நாள்ல இருந்து தண்ணிக்குள்ள கரண்டு கசிஞ்சிரிக்கு. மீனுக்கு அது விளங்கி ஒதுங்கி நிண்டிரிக்கு. இவன் கை வெச்சிரிக்கான், விறைச்சு உள்ளுக்கு விழுந்திரிக்கான். அடுத்த நாள் கடைய மூடித் தொட்டியக் கழட்டிட்டீங்க. எங்க பிழ எண்டு சொல்லுங்க."

ரகுநந்தன் கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைக்காமல் அதைக் கையிலேயே கசக்கிக்கொண்டிருந்தார்.

"நான் செய்யல சார். மேலிடத்து உத்தரவு. மோட்டார்ல ஷாக் இருக்குன்னு அவனே எழுதிக் குடுத்திருந்தான். அந்த வாரம் வெளிநாட்டு விருந்தாளிகள். திறந்தே வைக்கச் சொல்லிட்டாங்க." நிறுத்தினார். "ரெண்டரை மணிக்கு விழுந்தான். மெயின் சுவிட்சை அணைச்சா டைனிங் ஹால் முழுக்க இருட்டாயிடும். கேட்டுட்டு அணைக்கிறதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிடுச்சு. அப்புறம் கண்ணாடிக்கு முன்னால திரையை இழுத்து விட்டோம். போனை அவன் வெளியில வச்சிருந்தான், நான்தான் எடுத்தேன். சாயங்காலம் வரை அவனை வெளியில எடுக்கல."

றிஸ்னா சுவரில் சாய்ந்தாள். மூன்று ஐந்துக்கு அந்தச் செய்தி போனபோது தம்பி தண்ணீருக்குள் கிடந்திருக்கிறான். அந்த நீலக் கோடு அவன் கண் பட்டு விழுந்ததல்ல. அவன் அவளைக் கைவிட்டுப் போகவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது; ஆனால் அது புரண்ட இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அறைத்திரை விலகியது. ஆசியா உம்மா வெளியே வந்து அந்த மனிதருக்கு நேரே நின்றார்.

"அந்தத் தொட்டிக்கு முன்னுக்கு ஆக்கள் இரிந்தாங்களா வாப்பா?"

"இருந்தாங்கம்மா."

"சாப்பிட்டாங்களா?"

ரகுநந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.  உம்மா திரும்பி அறைக்குள் போய்விட்டார்.

கையெழுத்துக்கு வந்த கடதாசி தர்சினியின் கோப்புக்குள் போனது. ரகுநந்தன் சொன்னதையெல்லாம் அங்கேயே எழுதி, அவரிடமே ஒப்பம் வாங்கினாள். சாரதி சாட்சிக் கையெழுத்து வைத்தான். கொழும்பு திரும்பியதும் ரகுநந்தன் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார், ஆனால் போனை மறுக்க முடியவில்லை. பொலிஸ் தேடியபோது அது அவருடைய மேசை இழுப்பறைக்குள் இருந்தது. ஹிஷாம் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டின் படமும் அதற்குள் இருந்தது. அவரோடு மேலிடத்தில் இரண்டு பேரும் விளக்கமறியல் சிறைக்குப் போனார்கள். ஹோட்டல் ஒரு நாள்கூட மூடப்படவில்லை.

வழக்கு நிற்க வேண்டுமென்றால் கையிலுள்ள காயத்தை மருத்துவர்கள் மறுபடி பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதைச் சொல்ல ஷரிபுதீன் தனியாக வந்தார். அடக்கியவரின் கபுறைத் தோண்டுவது எவ்வளவு கூடாத காரியம் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. றிஸ்னா முடியாது என்றாள். "அவன் இன்னும் எத்தின தரம் கிடந்து படணும் சேர்?"

ஆசியா உம்மா தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார்.

"என்ட புள்ளயத் தூக்கிக் கடல்ல போட முந்தி ஆரும் என்னட்டக் கேக்கல்ல. நீங்க வந்து கேக்கிறீங்க." தஸ்பீஹை மறுபடி கையில் எடுத்தார். "தோண்டுங்க. பக்கீரப் பக்கத்தில நிக்கச் சொல்லுங்க. அந்தக் கையத் திறந்து பாத்திட்டு, பூப்போல மடிச்சு வெக்கச் சொல்லுங்க."